ஈச்சம்பட்டில் தண்ணீர் குடிக்காதவள்

பாஞ்சாலை என்ற பெயர் முதன்முதலில் காதில் விழுந்தது ஜமுனாமரத்தூர் சந்தையில். புளி விற்க வந்த பெண்கள் மூட்டையோரம் உட்கார்ந்து, "பலாக்கொல்லை பாஞ்சால தனியா போய் ஓட்டுப் போட்டுட்டு வந்துட்டாளாமே" என்று பேசிக்கொண்டார்கள். ஓட்டுப் போட்டதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதற்கு, "எங்க போய்ப் போட்டா, அத கேளு" என்றாள் ஒருத்தி.

போட்ட இடம் ஈச்சம்பட்டு. பலாக்கொல்லைக்கும் ஈச்சம்பட்டுக்கும் நடுவில் ஒரு ஓடைதான். ஆனால் பேச்சு இல்லை, ஒருவர் கையால் ஒருவர் தண்ணீர் வாங்கிக் குடிப்பதும் இல்லை. பலாக்கொல்லை ஊர்க்கவுண்டர் சடையன் மகனுக்கென்று பாக்கு மாற்றி நிச்சயம் செய்த பெண்ணை, ஈச்சம்பட்டுக்காரர்கள் புதூர்நாட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அன்றைக்குப் பலாக்கொல்லை ஊர் கூடிக் கட்டுப்பாடு போட்டது. அந்த மண்ணை மிதிக்கக் கூடாது, அந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது. மீறினால் குடும்பத்தோடு தள்ளிவைப்பு. நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒருவரும் வாசல் ஏறமாட்டார்கள்.

ஓட்டுச்சாவடியோ ஈச்சம்பட்டுப் பள்ளிக்கூடத்தில் இருந்தது. எழுபத்தேழில் பலாக்கொல்லையிலிருந்து ஒரு ஆளும் போகவில்லை. அடுத்த சட்டசபைத் தேர்தல் எண்பதில் வந்தது, கொளுத்தும் வெயிலில். பலாக்கொல்லையில் கிணறு கிடையாது. பள்ளத்து ஊற்றில் கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிரப்புவதற்குள் பொழுது உச்சிக்கு வந்துவிடும். ஜீப்பில் வந்த கட்சிக்காரரிடம் பாஞ்சாலைதான் வாய்விட்டுக் கேட்டாள்.

"எங்களுக்குக் கெணறு எப்பங்க வெட்டித் தருவீங்க?"

"போன தபா உங்க ஊர்ல ஒரு ஓட்டும் வுழலயேம்மா. இன்னாத்தச் சொல்லி நான் மேல போய் கெணறு கேக்கறது?" அவர் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை.

அந்தச் சொல் அவளுக்குள் தங்கிவிட்டது. நானாவது போய்ப் போடுகிறேன் என்று கணவன் தசரதனிடம் சொன்னாள். அவன் பயந்த சுபாவம்.

"பச்சையம்மாவ நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்? யோசிச்சியா?"

மகள் பச்சையம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பாஞ்சாலை யோசிக்காமல் இல்லை. யோசித்ததால்தான் ஓட்டு நாளன்று ஓடையைத் தாண்டி நேராக ஊருக்குள் போகாமல், வனத்துறை போட்ட வண்டிப்பாதையில் சுற்றிப் போய்ப் பள்ளிக்கூடத்துப் பின்பக்கமாக ஏறினாள்.

வரிசையில் நின்ற ஈச்சம்பட்டுப் பெண்கள் விலகி இடம் விட்டார்கள். ஓட்டைப் போட்டு வெளியே வந்தபோது தாகத்தில் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வேலியோரம் மங்கம்மாள் செம்போடு நின்றாள். பாக்கு மாற்றிய அந்தப் பெண்ணைப் பெற்றவள்.

"குடி, பாஞ்சால. யாரும் பாக்கல."

செம்பு விளிம்பில் தண்ணீர் தளும்பியது. "வேணாங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் பாஞ்சாலை வந்த வழியே நடந்தாள்.

ஊற்றங்கரையில் அவள் விரல் மையைப் பார்த்து நாத்தனார் நீலாவதி பதறிப்போனாள்.

"ஐயோ அண்ணி, புளியப் போட்டுத் தேயி! யாரு கண்ணுலயாவது படப்போவுது!"

"படட்டும். ஒளிச்சு வெக்கவா போய்ப் போட்டேன்?"

சாயங்காலம் ஊர் கூடியது. சடையக் கவுண்டர் அவளுக்கு மாமனாரின் தம்பி. அதனால் குரல் இன்னும் கடுமையாக வந்தது.

"கட்டுப்பாடு இன்னான்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் சின்ன மாமா. பள்ளிக்கூடம் சர்க்காருது. போன வழி பாரஸ்ட்டுக்காரங்களுது. ஈச்சம்பட்டு மண்ண நான் மிதிக்கவே இல்ல."

"தண்ணி?"

"மங்கம்மாக்கா குடுத்தாங்க. நான் வாங்கல."

"அத எவன் பாத்தான்?" என்று பின்னாலிருந்து கோவிந்தன் கத்தினான். எந்தக் கூட்டத்திலும் அவனுக்கு ஒரு வாய் உண்டு.

"நீயே போய்க் கேட்டுட்டு வாயேன் மச்சான்" என்றாள் நீலாவதி. "அவங்களோட பேசினதுக்கு உன்னயும் சேத்துத் தள்ளி வெச்சுடலாம்!"

கூட்டம் சிரித்துவிட்டது. கவுண்டர் சிரிக்கவில்லை.

"மங்கம்மாளே குடுத்தாளா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"அவங்களேதான் மாமா. எனக்காவ நின்னுருந்தாங்க."

கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "பள்ளிக்கூடம் சர்க்காருதுதான்" என்று எழுந்து போனார். தீர்ப்பு அவ்வளவுதான். தசரதனுக்கு அதற்குப் பிறகுதான் கூழ் இறங்கியது.

எண்பத்து நாலில் பலாக்கொல்லை முழுவதும் அதே பாதையில் சுற்றிப் போய் ஓட்டுப் போட்டது, ஆளுக்கொரு சுரைக்குடுக்கையில் சொந்த ஊர்த் தண்ணீரோடு. கவுண்டருடைய குடுக்கைதான் இருந்ததிலேயே பெரியது. அதற்கடுத்த வருஷம் கிணறு வந்தது. பாறை உடைக்கத் தெரிந்தவர்கள் ஈச்சம்பட்டில்தான் இருந்தார்கள். குழிக்குள் வெயிலில் நிற்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் எப்படி இருப்பது? கவுண்டர் மனைவி யாரையும் கேட்காமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றினாள். குழிக்குள் நின்று வாங்கிக் குடித்தவர்களில் மங்கம்மாளின் இளைய மகனும் ஒருவன்.

பச்சையம்மாவை அவனுக்குத்தான் கொடுத்தார்கள். பாக்கு மாற்றியபோது நடுவில் உட்கார்ந்தவர் சடையக் கவுண்டர். தசரதன் போனபிறகு பாஞ்சாலை பலாக்கொல்லையில் தனியாக இருக்கவில்லை. இப்போது ஈச்சம்பட்டில், மகள் வீட்டில் இருக்கிறாள்.