குறி போட்ட சக்கை

செல்லபாய்க்குக் கல்லூரி மாணவர்களைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் பதினான்கு வருஷமாக அவர்களுக்குத்தான் அறை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தாள். இது எப்படி ஒத்துப்போகும் என்று கேட்கிறவர், நாகர்கோவிலில் கல்லூரிக்குப் பக்கத்தில் வீடு வைத்திருந்தவராக இருக்க முடியாது. அந்த வட்டாரத்தில் வாடகைக்கு வருகிறவன் மாணவன்தான். வேண்டாமென்றால் அறையைப் பூட்டிக் கரையானுக்குக் கொடுக்கலாம்.

அவள் புருஷன் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். கொல்லம் ஆண்டுக் கணக்கில் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று திருவிதாங்கூர் முழுக்கச் சொல்கிறார்களே, அந்த வருஷம் காய்ச்சலில் போய்ச்சேர்ந்தார். பிள்ளை இல்லை. அடக்கம் முடிந்த கையோடு அவளுடைய அண்ணன் ராஜையன் குலசேகரத்திலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து, சாமான்களை ஏற்று, வீட்டைப் பூட்டு என்றார். செல்லபாய் அண்ணனுக்குச் சோறு போட்டாள். மாட்டுக்கு வைக்கோல் போட்டாள். வண்டி கிளம்பும்போது ஒரு வாழைக்குலையை ஏற்றி அனுப்பினாள். அவள் ஏற்றியது அது ஒன்றுதான். அண்ணன் வீட்டு அடுக்களையில் அண்ணிக்குக் கையாளாக இருந்து கிழவியாவதற்கு அவளுக்கு மனமில்லை.

கழுத்துச் சங்கிலியை விற்று, லேஸ் பின்னிச் சேர்த்ததையும் போட்டு, பின்வளவில் மதிலை ஒட்டி மூன்று ஓட்டறைகள் கட்டினாள். விதவை இருக்கிற வளவில் வாலிபர்களா என்று சபை மூப்பர் ஒருவர் விசாரிக்க வந்தார். "பின்னே, வாலிபனுவ உம்ம வீட்டுல வந்து கெடக்கட்டுமா? உமக்கு மூணு கொமரு இருக்கே" என்று கேட்டாள். மூப்பர் குடையை எடுத்துக்கொண்டு போனவர், அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

வந்தவர்கள் என்னவோ வாலிபர்கள் இல்லை, வானரங்கள். ஒருவன் கதவின் குறுக்குக்கட்டையைப் பிளந்து அடுப்பில் வைத்தான். ஒருவன் ஆர்மோனியம் பழகுகிறேன் என்று தெருவிலுள்ள நாய்களையெல்லாம் சேர்த்தான். இன்னொருவன் தன் பெயருக்கு அறை எடுத்துக்கொண்டு ஊரிலிருந்து வந்த ஐந்து பேரை உள்ளே அடுக்கினான். கொடியில் காய்கிற துவர்த்துத் துண்டுகளைப் பார்த்துத்தான் அவள் அதைக் கண்டுபிடித்தாள். லீவுக்குப் போகிறவன் சுவரெல்லாம் கரி, தரையெல்லாம் மீன்முள் என்று விட்டுவிட்டுப் போவான். திரும்பி வரும்போது "மாமி, சொகமா?" என்று பல்லைக் காட்டுவான். அந்தப் பல்லைப் பார்க்கும்போது அவளுக்கு வருகிற ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் அறைக்கு ஒருவனாக மூன்று பேர் இருந்தார்கள். குலசேகரத்துச் செல்வதாஸ், தேங்காய்ப்பட்டணத்து அலி அக்பர், ஆரல்வாய்மொழிக் கிருஷ்ணமணி. முதல் இருவரும் எதைக் கண்டாலும் தின்பார்கள். கிருஷ்ணமணி எதையாவது வாசித்துக்கொண்டிருப்பான். அவன் அப்பா சர்க்கார் உத்தியோகஸ்தர்.

கிணற்றடியில் ஒரு வருக்கைச் சக்கை மரம், வெளியூர்க்காரர் சொல்கிற பலா, நின்றது. ஒவ்வொரு வருஷமும் அதில் நல்ல காய் ஒன்றைப் பார்த்து, சுண்ணாம்பால் சிலுவைக்குறி போட்டுவிடுவாள். அது அறுப்பின் பண்டிகைக்கு. அன்றைக்கு விளைச்சலில் முதல்தரமானதைக் கொண்டுபோய்ச் சபையில் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் வைத்து ஏலம் விடுவார்கள். செல்லபாய் வீட்டுச் சக்கை ஏலத்துக்கு வரும்போது நெல்வயல் வைத்திருக்கிற பெரிய ஆட்களும் முன்னால் நகர்ந்து வருவார்கள். மற்ற நாளெல்லாம் வாத்தியார் விதவை. அந்த ஒரு நாள் அவள் சக்கைக்காரி. அந்த நாளுக்காக அவள் வருஷம் முழுக்கக் காத்திருந்தாள்.

அந்த வருஷம் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். கிணற்றடிக்குப் போனவள் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். காம்புதான் இருந்தது. வாசனை முதல் அறையிலிருந்து வந்தது. கதவைத் தள்ளினால் சக்கை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, ஒரு பாதி காலி. சிலுவைக்குறி போட்ட தோலின்மேல் கொட்டைகளைக் குவித்து வைத்திருந்தார்கள். செல்வதாஸும் அலி அக்பரும் பின்வாசல் வழியாகச் சாடி ஓடிவிட்டார்கள்.

அவள் மீதிப் பாதியைத் தூக்கி அடுக்களையில் வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்தாள். அன்றைக்கு அந்தத் தெரு கேட்டதுபோல் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "கர்த்தருக்குக் குறி போட்ட சக்கையத் தின்ன களவாணிப் பயலுவ. மூணு பேரும் மாசக் கடைசியில எனக்க வளவ விட்டு எறங்கணும். செல்வதாஸ், அலி அக்பர், கிருஷ்ணமணி, கேட்டுக்கிடுங்க" என்று பெயர் சொல்லிச் சொல்லி ஏசினாள். எதிர்வீட்டு லீலாபாய் அரிசி புடைப்பதை விட்டுவிட்டு வந்து நின்று கேட்டாள்.

மறுநாள் செல்லபாய் வெறுங்கையோடு சபைக்குப் போனாள். "இந்தத் தடவை சக்கை இல்லியா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. வீடு திரும்பும்போது பையன்கள் இருவரும் கிணற்றடியில் மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சக்கைப் பசை அவ்வளவு எளிதில் போகாது. கிருஷ்ணமணி தள்ளி நின்று குளித்துக்கொண்டிருந்தான். அவன் கையில் பசை இல்லை. தோளில் தடி பட்டுக் கன்றிப்போய் ஒரு வீக்கம் இருந்தது. அவளைப் பார்த்ததும் துவர்த்தை இழுத்து மூடினான்.  சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு வெளியே ஒரு தோப்பில், மக்களுக்குப் பதில் சொல்கிற பொறுப்பாட்சி வேண்டுமென்று தடையை மீறிக் கூட்டம் போட்டவர்களைப் போலீஸ் விரட்டியது என்று சபை முற்றத்திலேயே பேசிக்கொண்டார்கள். சக்கை தின்னாத ஒருவனையும் சேர்த்து ஏசிவிட்டோமே என்று அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் இன்ஸ்பெக்டர் ஒரு கான்ஸ்டபிளோடு வந்து முற்றத்தில் நின்றார். லீலாபாய் வேலியருகே வந்துவிட்டாள். பையன்கள் மூவரையும் வெளியே வரச்சொல்லி வரிசையாக நிறுத்தினார் இன்ஸ்பெக்டர்.

"இதுல ஒருத்தன் சனிக்கிழமை கூட்டத்துக்குப் போயிருக்கான். எவன்னு சொல்லிருங்க. சொல்லலேன்னா மூணு பேரையும் இன்னைக்கே காலி பண்ணச் சொல்லுங்க. ரெண்டும் இல்லைன்னா அறைகளைப் பூட்டி முத்திரை வச்சிருவேன்."

இதைவிட நல்ல காலம் அவளுக்கு வராது. தான் போகச் சொன்னவர்களைப் போலீஸே வந்து போகச் சொல்கிறது. வாயைத் திறக்கக்கூட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். லீலாபாய் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்படித்தான் சாடை காட்டினாள். கிருஷ்ணமணியின் பெயர் ஒரு தடவை போலீஸ் வாயில் விழுந்தால் கல்லூரி அவனை வைத்துக்கொள்ளாது, அவன் அப்பா வேலையும் நிலைக்காது.  அவனே முன்னால் வந்துவிடுவான் போலிருந்தது.

செல்லபாய் அவனைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரின் பூட்ஸைத்தான் பார்த்தாள். அவள் மெழுகிக் காயவிட்டிருந்த முற்றத்தில், காய்வதற்கு முன்னால், கேட்காமல் கொள்ளாமல் ஏறி நின்றது அது. அவளுக்குச் சுர்ரென்று வந்தது.

"சனிக்கிழமை சாயங்காலம் இவனுவ எனக்க சக்கையத் தின்னுக்கிட்டு இருந்தானுவ."

"மூணு பேருமா?"

"மூணு பேருந்தான். தெருவுல நின்னு பேரு சொல்லி ஏசுனேன். இந்தா நிக்காளே லீலாபாய், கேளும்."

லீலாபாய் பொய் சொல்லமாட்டாள், அவளுக்குப் பொய் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. "ஆமா, மூணு பேரையும்தான் ஏசினா. காதுகொண்டு கேக்க முடியல" என்றாள்.

இன்ஸ்பெக்டர் பையன்களின் கையை நீட்டச் சொன்னார். இரண்டு பேர் விரல் இடுக்கில் பசை கறுத்துப் பிடித்திருந்தது. கிருஷ்ணமணியின் கை வெள்ளையாக இருந்தது. இன்ஸ்பெக்டர் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவன் கையில ஒண்ணும் இல்லையே."

"வெட்டிச் சுளையெடுத்தவன் கையிலதான் பசை இருக்கும். இவன் உக்காந்து தின்னவன். வேலைசெய்யுத கையா அது? பாத்தாத் தெரியல்லியா?" என்றாள் செல்லபாய்.

கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவர் வீட்டிலும் சக்கை மரம் இருந்திருக்கும். இன்ஸ்பெக்டர் கையை விட்டார்.

"சரி, ஏசினீங்கல்ல. அப்போ இன்னைக்கே இறக்கி விடுங்க."

"எனக்க அறை. ஆரை ஏத்தணும், ஆரை எறக்கணும்னு நாந்தான் சொல்லணும். எனக்க அண்ணன் சொல்லிக் கேக்கல்ல, சபையில சொல்லிக் கேக்கல்ல. நீரு சொல்லியா கேக்கப்போறேன்? பூட்டணும்னா கோர்ட்டு உத்தரவு கொண்டுவாரும். இப்பம் முத்தத்த விட்டு எறங்கும், மெழுகின தரை."

உத்தரவு கையில் இல்லாத இன்ஸ்பெக்டர் தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தார். பிறகு இறங்கினார். போகும்போது, எதிரே ஓடைமேலுள்ள கலுங்குப் பாலத்தில் உட்கார்ந்து இந்த வீட்டுக்கு வருகிறவன் போகிறவனைக் கவனி என்று கான்ஸ்டபிளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை தாண்டியதும் செல்லபாய் வாசற்கதவைச் சாத்தினாள். அடுக்களைக்குப் போய், இரண்டு நாளாகத் தின்னவும் மனமில்லாமல் எறியவும் மனமில்லாமல் வைத்திருந்த பாதிச் சக்கையைக் கொண்டுவந்து கிருஷ்ணமணி முன்னால் வைத்தாள். அது அளிந்து புளிப்பு வாடை அடித்தது.

"தின்னு."

"மாமி, எனக்குச் சக்கை சேராது."

"நீ தின்னேன்னு சொல்லிட்டேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்ல. தின்னுலே."

அவன் உட்கார்ந்து தின்றான். கண்ணில் நீர் வந்தது. புளிப்பினாலோ வேறு எதனாலோ. தோள் வீக்கத்துக்குப் போட அவள் எண்ணெய் காய்ச்சிக்கொண்டு வந்து வைத்தாள். வைத்துவிட்டு, மாசக் கடைசியில் மூவரும் இறங்கவேண்டும் என்றதை மறக்கவேண்டாம் என்றும் சொன்னாள்.

மாசக் கடைசியும் வந்தது. அதற்குள் ஊர் பேசவேண்டியதைப் பேசிவிட்டது. போலீஸ் காவல் இருக்கிற வீடு என்று லேஸ் பின்னும் வேலை கொடுக்கிறவர்கள் கொடுப்பதை நிறுத்தினார்கள். அடுத்த வருஷத்துக்கு அறை கேட்டு வைத்திருந்த இரண்டு தகப்பன்மார் வேண்டாமென்று சொல்லி அனுப்பினார்கள். சபையில் அவள் பெஞ்சில் அவள் மட்டும் உட்கார்ந்தாள். செல்வதாஸும் அலி அக்பரும் கிருஷ்ணமணியும் பாயைச் சுருட்டி, டிரங்குப் பெட்டியைக் கயிற்றால் கட்டி, முற்றத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். நம்மால் இந்த அம்மாளுக்கு இவ்வளவும் ஆயிற்றே என்று அவர்களுக்கு இருந்தது. எதிரே கலுங்கில் கான்ஸ்டபிள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

செல்லபாய் வெளியே வந்து பெட்டிகளைப் பார்த்தாள். கான்ஸ்டபிளையும் பார்த்தாள்.

"இது என்னது? ஆரு கெட்டச் சொன்னது?"

"நீங்கதான மாமி மாசக் கடைசின்னு சொன்னீங்க" என்றான் செல்வதாஸ்.

"நான் சொன்னது எனக்க சக்கைக்கு. இப்பம் எறங்கினா அந்த இன்ஸ்பெக்டரு சொல்லி எறக்கினேன்னு ஆவும். பெட்டியக் கொண்டு உள்ள வையுங்க. சொவத்துல கரி கெடக்கு, மூணு பேரும் வெள்ளையடிச்சிட்டுத்தான் இன்னைக்குச் சோறு."

பெட்டிகள் உள்ளே போயின. கான்ஸ்டபிள் எழுந்து வாசல் வரை வந்தார். அவர் கெட்டவர் இல்லை. வெயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து முகம் கறுத்துப்போயிருந்தது.

"அம்மா, மேல எழுதிப்போடணும். இவங்க எப்பம் போவாங்க?"

செல்லபாய் வாசற்கதவில் கைவைத்து நின்றாள்.

"நீ எப்பம் போவே தம்பி? அத முதல்ல எழுதிப்போடு. அதுக்குப் பொறவு நான் இவனுவள எறக்கினா எறக்குவேன், எறக்காட்டி இல்ல."