இடது பக்கத்துப் பட்டன்

என் போன் பேட்டரி உப்பிவிட்டது. புதுப் போன் வாங்க இன்று மதியம் மைசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்குப் போனேன்.

விலை கேட்பதற்கு முன்பே வாய் முந்திக்கொண்டது: "பவர் பட்டன் எடது பக்கம் இருக்கிற போன் இருக்குதுங்களா?"

கடைக்காரர் கொள்ளேகால் தமிழர். "இப்ப எல்லாமே வலது பக்கந்தான் வருதுங்கக்கா. யாருக்கு?"

நஞ்சன்கூடு ஃபாக்டரி மெஷினில் வலது கட்டைவிரலைப் பறிகொடுத்தவர் என் வீட்டுக்காரர். அப்புறம் போனைப் பிடிப்பது, அமுக்குவது எல்லாம் இடது கைதான். போன் மாற்றும்போதெல்லாம் கடை கடையாக ஏறி நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

போன தை மாதம் அவர் காலமாகிவிட்டார். என் நாக்குக்கு இன்னும் அது தெரியவில்லை.

"எனக்குத்தான்" என்றேன்.

கடைக்காரர் ஒரு போனை என் வலது கையில் வைத்தார். கட்டைவிரல் நேராகப் பட்டன் மேல் போய் உட்கார்ந்தது.

"பாருங்க, உங்க கைக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்குதல்லக்கா!"

உண்மைதான், அவ்வளவு வசதி. அதைத்தான் தாங்க முடியவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மைசூரில் எந்தக் கடையிலாவது இடது பக்கம் பட்டன் வைத்த போன் இருந்தால் சொல்லுங்கள்.

எனக்குத்தான்.