சாப்பிடக் கூப்பிடும் வரிசை

கரண்டி பானைக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. சோற்றில் ஆவி பறக்கிறது. பாயில் வட்டமாக உட்கார்ந்திருக்கும் பதினோரு பிள்ளைகளுக்கும் அகோரப் பசி. லுவா அசைவதாக இல்லை. எல்லாரிலும் சின்னவளான ஆறு வயது மீத் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆரம்பிக்கிறாள். "லுவா அத்தை, சாப்பிடுங்க. யூங் அண்ணா, சாப்பிடுங்க. லிங் அக்கா, சாப்பிடுங்க..." தன்னைவிடப் பெரியவர்கள் அத்தனை பேரையும் அவள் கூப்பிட்டு முடித்த பிறகு அடுத்த பிள்ளை தொடங்கும். கடைசியில் பத்து வயது யூங்குக்கு அத்தை ஒருத்தியைக் கூப்பிட்டால் போதும். வயது ஏற ஏற வேலை குறைவதால், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் வளர்ந்துவிட வேண்டும் என்று ஒரே துடிப்பு.

"ஒருத்தர விட்டியோ, மறுபடி முதல்லருந்து!" இது லுவாவின் சட்டம். கூப்பிடப்பட்டவரும் சும்மா இருக்கக் கூடாது. "ம், நீயும் சாப்பிடு" என்று பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாதவனை முறைத்துப் பார்ப்பாள். "உன்ன மனுஷன்னு மதிச்சுக் கூப்பிடுறான். நீ மரக்கட்டையாட்டம் உக்காந்திருக்க!"

நாட்டின் வடக்கே இருக்கும் நாம்தின் நகரத்தில், பள்ளிக்கூடத்துக்குப் பின்சந்தில் அவளுக்கு ஒற்றை அறை வீடு. காலை வகுப்பு விட்டதும் பிள்ளைகளை வாசலிலேயே பிடித்து, சோறு போட்டு, இரண்டு மின்விசிறிக்கடியில் வரிசையாகப் படுக்கவைத்து, மதிய வகுப்புக்கு முகம் கழுவி அனுப்புவது அவள் தொழில். வயது நாற்பத்து மூன்று. அதற்கு முன்னால் பதினாறு வருஷம் நெசவு ஆலையில் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பேசியவள். அந்தக் குரல் இன்னும் இறங்கவில்லை. "மெதுவாப் பேசுங்கடா!" என்று அவள் போடும் கூச்சல் சந்து முனைக்குக் கேட்கும். தெருவுக்கே அன்றைக்கு என்ன குழம்பு என்று தெரிந்துவிடும்.

கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்க வேண்டும். தட்டில் இருக்கிற மீனைக் கிளறிக் கிளறி நல்ல துண்டாகத் தேடக் கூடாது. எவனாவது சாப்பாட்டுக் குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைத்தால் போச்சு. "யாருடா செத்தாங்க உங்க வீட்டுல? யாருக்குப் படையல் வைக்கிற?" என்பாள். அவ்வளவுதான் விளக்கம். சந்தையிலும் இதே கதைதான். ஒற்றைக் கையால் நீட்டிய கீரைக்கட்டை வாங்காமல் அப்படியே நிற்பாள். "லுவா வர்றாடி, ரெண்டு கையையும் காலி பண்ணு" என்று கீரைக்காரிகள் முணுமுணுப்பதை அவள் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறாள்.

தெருவுக்குப் பிடிபடாத வழக்கமும் ஒன்று உண்டு. தப்புச் செய்த பிள்ளை நெஞ்சோடு கைகட்டி, தலை குனிந்து மன்னிப்புக் கேட்பது ஊர் முறை. லுவாவும் கேட்பாள். போன மாதம் தண்ணீரைக் கொட்டினாள் என்று மீத்தைத் திட்டிவிட்டாள். கொட்டியது பூனை. உண்மை தெரிந்ததும் அந்த ஆறு வயதுச் சிறுமி முன்னால் போய்க் கைகட்டி நின்றாள். "அத்தை தப்பாத் திட்டிட்டேன், மன்னிச்சுக்கோ." வாசலில் நின்ற எதிர்வீட்டுக்காரிக்கு முகம் சுருங்கிவிட்டது. "பெரியவ போய்ச் சின்னதுகிட்ட கைகட்டுறதா? நல்லாருக்கே!" லுவா விட்டுக்கொடுக்கவில்லை. "நான் கட்டலைன்னா அது எங்க பாத்துக் கத்துக்கும்?"

இப்படிப்பட்டவளிடம்தான் குயேன் வந்து அழுதாள். குயேன் தெற்கே மேக்கோங் ஆற்றுப் பக்கத்துப் பெண். இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் பிறந்த ஊரில் "வாங்க, சாப்பிடலாம்" என்று ஒரு குரல் கொடுத்தால் தீர்ந்தது. ஆள் ஆளாகக் கூப்பிடுகிற வழக்கமெல்லாம் கிடையாது. போன புத்தாண்டுக்கு அவள் மகன் பாவ், ஏழு வயது, வாய் திறக்காமல் குச்சியை எடுத்துவிட்டான். புருஷனின் மூத்த அக்கா கூக் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டாள்: "தாய் வளர்த்த லட்சணம்!"

"பத்து நாள்ல எங்க மாமியாருக்குத் திவசம் வருதுக்கா. மொத்தக் குடும்பமும் கூடும். இந்தத் தடவையும் அவன் வாயைத் திறக்கலன்னா நான் அந்த வீட்டுல தலை நிமிர முடியாது."

"மூக்கச் சிந்து முதல்ல. எத்தனை பேரு?"

குயேன் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். மாமனாரில் ஆரம்பித்து, முறை வரிசைப்படி பத்தொன்பது பேர். லுவா அந்தத் தாளை அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டினாள். மாலையில் பள்ளி விட்டுப் பாவ் வந்ததும் தலையணைகளைப் பாயில் வட்டமாக அடுக்கினாள். "இந்த நீளத் தலையணை உன் தாத்தா. இந்தப் பூப்போட்டது கூக் பெரியத்த. பாத்துக் கூப்பிடு, அது கோவக்காரத் தலையணை." பாவ் களுக்கென்று சிரித்தான். பொம்மைத் தலையணை ஒன்றை வைத்து, "இது உன் தோம் சித்தப்பா" என்றாள். தாத்தாவின் கடைசித் தம்பிக்குக் காலம் போன காலத்தில் பிறந்த பிள்ளை அது. ஐந்து வயது.

"அவனுக்கு மூக்கு ஒழுகும் அத்த! அவனப் போய்ச் சித்தப்பான்னா?"

"ஒழுகுனாலும் சித்தப்பா சித்தப்பாதான். உன் அண்ணன் அக்காமாருங்களுக்கு முன்னால அவனத்தான் கூப்பிடணும்."

நான்காம் நாள் வரைக்கும் பாவின் குரல் தொண்டையைத் தாண்டவில்லை. லுவா அவனைத் திட்டவும் இல்லை, கொஞ்சவும் இல்லை. ஒவ்வொரு தலையணைக்கும் தானே குரலை மாற்றிப் பதில் சொன்னாள். கூக் தலையணை "ம்ஹ்ம்" என்று உறுமியது. எட்டாம் நாள் அவன் பத்தொன்பதையும் ஒரே மூச்சில் சொன்னான். "தறி ஓடுறாப்புல ஓடுதுடா உனக்கு!" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

திவசத்தன்று லுவாவும் அந்த வீட்டில் இருந்தாள். அரிசித்தாளில் இறைச்சி வைத்துச் சுருட்டிய சுருள் பொரித்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்று குயேன் கூப்பிட்டிருந்தாள். வேலை அது. ஆனால் விடியலிலிருந்து பெற்றவளுக்கு மேல் இவள் பதறினாள். கூடத்தில் மூன்று தட்டத்தைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள். குயேன் வழக்கம்போல வாசல் ஓரம், சோற்றுப் பானைக்குப் பக்கத்தில். சமையலறையில் எண்ணெய் சடசடத்தது. லுவா கதவிடுக்கில் ஒரு கண்ணும் வாணலியில் ஒரு கண்ணுமாக நின்றாள்.

"தாத்தா, சாப்பிடுங்க." பாவின் குரல் நடுங்கியது, ஆனால் வெளியே வந்தது. "பெரியத்த, சாப்பிடுங்க." கூக் நிமிர்ந்து பார்த்தாள். லுவா இடுப்பில் கட்டிய சமையல் துணிக்குள் விரல் மடக்கி எண்ணினாள். "தோம் சித்தப்பா, சாப்பிடுங்க" என்றபோது ஐந்து வயதுச் சித்தப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு "ம், நீயும் சாப்பிடு" என்றது. கூடமே சிரித்தது. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. முடிந்தது! லுவாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. "பையன் தேறிட்டானே!" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் குச்சியை எடுத்தார்கள்.

பாவ் எடுக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்: "ஒருத்தர விட்டுட்டேன். முதல்லருந்து சொல்லணும்."

"யாரடா விட்ட? எல்லாரும் ஆச்சே" என்றாள் கூக்.

"ஐயையோ, இவன் முடிக்கிறதுக்குள்ள அடுத்த திவசமே வந்துரும்" என்று ஒரு மாமா சுருளை வாய்ப்பக்கம் கொண்டுபோனார்.

பையன் காதில் வாங்கவில்லை. "தாத்தா, சாப்பிடுங்க" என்று மறுபடி ஆரம்பித்துவிட்டான். கூக் தன் குச்சியைக் கிண்ணத்தின் மேல் குறுக்கே வைத்தாள். "வைங்க கீழ. பிள்ளை கூப்பிட்டு முடிக்கல."

அடுப்படியில் லுவாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. பத்தொன்பதையும் அவள் எண்ணியிருந்தாள். யாரை விட்டான்? சுவரில் ஒட்டிய தாளை மனசுக்குள் மேலிருந்து கீழாகப் படித்தாள். குயேனின் குண்டு குண்டு எழுத்து. எழுதியவள் பெயர் மட்டும் அதில் இல்லை. "அடிப் பாவி மகளே, உன்ன நீயே விட்டுட்டியேடி" என்று வாய்க்குள் சொன்னாள். பத்து நாளாக அந்தத் தாளுக்குக் கீழேயே சமைத்தும் தன் கண்ணில் படவில்லையே என்று அவளுக்குச் சுருக்கென்றது. அவள் சொல்லிக் கொடுக்காத ஒன்றை இந்தப் பொடியன் தானாகக் கண்டுபிடித்திருக்கிறான். அதை நினைக்க நெஞ்சு விம்மியது.

"அப்பா, சாப்பிடுங்க" என்றது குரல். அடுத்தது அந்த இடம்தான். வாணலியில் ஆறு சுருள் பாதி வெந்து பொரிந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. லுவா சட்டென்று அடுப்பை அணைத்தாள்.

"அம்மா, சாப்பிடுங்க."

பானைப் பக்கம் குயேன் கரண்டியைப் பிடித்தபடி உறைந்து போயிருந்தாள். பத்தொன்பது பேரும் அவளைப் பார்த்தார்கள். "பதில் சொல்லுடி, பதில் சொல்லு" என்று லுவா கதவுக்குப் பின்னால் பல்லைக் கடித்தாள். அப்புறம்தான், அழுகையும் தெற்கத்தி இழுப்பும் கலந்து, அந்தக் குரல் வந்தது.

"ம்... நீயும் சாப்பிடு, கண்ணா."

எண்ணெய் குடித்து ஊறிப்போன ஆறு சுருளையும் லுவா அரித்தெடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். இடுப்புத் துணியால் முகத்தைத் துடைத்துவிட்டு அடுப்பை மறுபடி பற்றவைத்தாள்.