ரோடு வரை எட்டிய வைஃபை

சின்னவளே, மாடியறையில் டி.வி. ஓடுகிறது, போனுக்கு மட்டும் வைஃபை கிடைப்பதில்லை என்று சண்டை போடுகிறாய். அதை அப்படி வைத்தது நான்தான். காரணத்தை நீயும் அக்காவும் படிக்கும்படி எழுதி வைக்கிறேன். எனக்குப் பத்தாம் வகுப்புப் படிப்புதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டுச் சுவர் தடித்த வெட்டுக்கல். கீழே இருக்கும் மோடத்தின் சிக்னல், ரோட்டைப் பார்த்த மாடியறைக்கு வருவதற்குள் செத்துவிடும். டி.வி.யில் வட்டம் சுற்றும். அதற்கு வயர்லெஸ் பிரிட்ஜ் வைக்கச் சொன்னார்கள். கீழிருந்து வரும் சிக்னலைப் பிடித்து, வயர் வழியாக டி.வி.க்குக் கொடுக்கிற பெட்டி அது.

நெய்யாற்றின்கரைக் கடையில் இரண்டு காட்டினார்கள். சிறியது வயர் வழியாக மட்டும் கொடுக்கும். கொம்பு வைத்த பெரியது, சுற்றிலும் வைஃபையும் வீசும்.

“பெரிசு எடுங்கண்ணே. ரோடு வரைக்கும் கிட்டும் ஆக்கும்,” என்றார் கடைக்காரர்.

அவ்வளவு தூரம் எட்டுவதுதான் உறுதியான பெட்டி என்று நானும் நம்பினேன். மாட்ட வந்தவர் பாஸ்வேர்டு கேட்டபோது, இந்தப் பக்கத்தில் பலரும் வைப்பதுபோல வீட்டுப் பெயரையே சொன்னேன். வருகிற சொந்தக்காரர்கள் கேட்காமலே போட்டுக்கொள்ளலாம் அல்லவா!

ஒரு மழை நாள், விளக்கு வைக்கும் நேரம். நீ கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாய். அக்கா டியூஷன் முடிந்து வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள். கார்ட்டூன் நின்றது. திரை முழுக்க ஒரு போட்டோ. நம் மதிலோரமாக நீலக் குடை பிடித்து ஒரு பெண் நடந்து போகிறாள். பின்னாலிருந்து எடுத்தது.

“ஹை, அக்கா டி.வி.யில வருது!” என்று நீ கை தட்டினாய்.

“எதுக்குட்டி இதையெல்லாம் போடுதே?” என்றாள் அம்மா அக்காவிடம்.

“நான் போடல்லம்மா. எனக்க போனு பையில கிடக்கு.”

அக்காவின் நீலக் குடை அறை வாசலில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. திரையில் படம் மாறியது. அதே குடை, இன்னும் கிட்டத்தில்.

நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

“அப்பா, நம்ம வைஃபையில நுழைஞ்சா யாரு போனிலேருந்தும் டி.வி.யில படம் போடலாம். பாஸ்வேர்டு என்ன வச்சிருக்கு?” என்றாள் அக்கா.

“வீட்டுப் பேருதான் மக்ளே.”

“கேட்டுல கல்லுல கொத்தி வச்சிருக்குல்லா, அதா?”

ஜன்னலைத் திறந்தேன். எதிரே பஸ் ஷெட்டில் ஐந்தாறு பேர் மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள். எல்லார் முகத்திலும் போன் வெளிச்சம். இறங்கி ஓடினேன். எல்லாமே தெரிந்த முகங்கள்.

“என்னண்ணே, குடை இல்லாம? சளி பிடிக்கும் கேட்டியளா,” என்று ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். இன்னொருவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதை வைத்து அவரைச் சந்தேகப்பட முடியுமா? திரும்பி வந்தேன்.

மறுநாளே சின்னப் பெட்டியை மாட்டி, பாஸ்வேர்டையும் மாற்றினேன். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதுவரை ஆள் தெரியவில்லை. டி.வி.யில் அந்தப் படம் பிறகு வரவில்லை. ஆனால் யாரோ ஒருவர் போனில் அது இருக்கிறது.

அதனால்தான் டியூஷன் விடும்போது ஸ்கூட்டரோடு போய் நிற்கிறேன். தோழிகள் முன்னால் வெட்கமாக இருக்கிறது என்று அக்கா முகம் சுளிப்பாள். போன வாரம் ஷெட்டைத் தாண்டும்போது அவளாகவே என் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். “அண்ணே!” என்று ஷெட்டிலிருந்து ஒரு குரல். திரும்பினேன். மூன்று பேர் சிரித்தபடி கை காட்டினார்கள்.