அப்பா வாசிக்காமல் விட்ட இரண்டு வார்த்தைகள்

டிஜே கற்றுக்கொள்ளும் ஆசையில், புனே தமிழர் வாட்ஸ்அப் குழுவில் விற்பனைக்கு வந்த இசைத்தட்டு சுழற்றும் பழைய டர்ன்டேபிளையும் பாட்டுகளைக் கலக்கும் மிக்சரையும் வாங்கினேன். புனேயிலேயே, தாபோடியில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணும் அவள் அப்பாவும் வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அவர்கள் போனபின் பொருத்திப் பார்த்தேன். கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் சத்தம். கொஞ்சமும் யோசிக்காமல் குழுவில் எழுதினேன்: "பழுதான மிஷினை என் தலையில் கட்டிவிட்டார்கள். திருட்டுக் குடும்பம்."

மறுநாள் காலையில் அந்தப் பெண் வந்தாள். மிக்சரின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"அரே அண்ணா, போனோன்னு போட்டிருக்கிற எடத்துல ஏன் மாட்டல?"

"அது போன் மாட்டுற எடம் இல்லையா?"

அவள் சிரிக்கவில்லை. "டர்ன்டேபிளுக்குத்தான் அது" என்று ஒயரை மாற்றினாள். பாட்டு அறை முழுக்க நிறைந்தது.

குழுவில் நான் எழுதியதைப் படித்தீர்களா என்று தயங்கிக் கேட்டேன்.

"எனக்குத் தமிழ் படிக்க வராது அண்ணா. அப்பாதான் படிச்சுக் காட்டினார். கடைசி ரெண்டு வார்த்தைய மட்டும் விட்டுட்டார். கேட்டா சொல்ல மாட்டேங்கிறார். என்ன எழுதியிருந்தீங்க?"

நானும் சொல்லவில்லை. அன்றே குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது, அதையும் அவள் அப்பாதான் வாசித்துக் காட்ட வேண்டும்.