ஆக்கள் இல்லாத ஊரில் ஓர் அறை

எண்பதுகளின் கடைசியில் லண்டன் டூட்டிங்கில் எங்கள் வீட்டில் மூன்று படுக்கையறைகள் இருந்தன. அவற்றில் ஒன்றிலும் நானும் என் கணவரும் படுக்கவில்லை. ஊரில் சண்டை. லண்டனில் வந்து இறங்கியவர்களில் பாதிப்பேரின் கையில் எங்கள் முகவரிதான் இருந்தது. ஓர் அறையில் அவருடைய தம்பிமார், இன்னொன்றில் என் மாமா மகனும் சிநேகிதர்களும், எங்களுடைய அறையில் கைக்குழந்தையோடு வந்த ஒரு குடும்பம். நாங்கள் முன்னறையில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் மெத்தையை விரித்துப் படுத்தோம். பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் எங்களைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போகவேண்டும். "எழும்பாதேங்கோ அக்கா" என்று சொல்லியே எழுப்பிவிடுவார்கள்.

வந்தவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். கோபமெல்லாம் என் கணவர்மேல்தான். கலியாணமான புதிதில் மணிக்கணக்காகக் கதைத்த மனுசன், இப்போது என்னைக் கண்டால் "அரிசி இருக்கோ?" என்று மட்டும் கேட்டார். இப்படியே போனால் இவரும் அந்த வீட்டில் தங்கியிருக்கிற இன்னொரு ஆளாகிவிடுவார் என்று பயந்தேன். ஆகவே தீர்மானித்தேன்: இரண்டு நாள், வேறு நாடு, ஹோட்டல், நாங்கள் இருவர் மட்டும். வேலையிடத்தில் என்னோடிருந்த ஐரிஷ்காரி தன் நாட்டைப் பற்றி ஓயாமல் பெருமையாகப் புளுகுவாள். சரி, அங்கேயே போவோம் என்று நூலகத்தில் ஒரு ஹோட்டல் வழிகாட்டிப் புத்தகத்தை எடுத்து வந்தேன்.

"டப்ளின்?" என்று கணவரிடம் கேட்டேன்.

"அங்க பெரியப்பான்ர மகன் இருக்கிறான். அவன் இருக்க நாங்கள் ஹோட்டலில நிண்டால், பிறகு எங்கட செத்தவீட்டுக்கும் வரமாட்டான்."

"கால்வே?"

"என்னோட படிச்சவன் ஒருத்தன் அங்கதான்."

"லிமரிக்?"

கண்ணை மூடி யோசித்தார். "ஆரோ இருக்கினம். பேர்தான் வருகுதில்லை."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சொந்தக்காரன் இருக்கிற ஊரில் ஹோட்டலில் தங்குவது, அவன் வீட்டுச் சோறு எங்களுக்கு ஆகாது என்று ஊரைக் கூட்டிச் சொல்வதற்குச் சமம். மற்றவர்கள் ஹோட்டலுக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பார்கள். நாங்கள் அந்த ஊரில் எத்தனை சொந்தம் என்று பார்த்தோம்.

கடைசியில் கோர்க் மிஞ்சியது. அங்கே அவருக்கு ஒரு பெயரும் வாயில் வரவில்லை. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மலிவான ஒன்று அவருக்குப் பிடித்தது. அதில் குளியலறை பொது என்று போட்டிருந்ததால் நான் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். வரிசையில் நிற்கிறதற்குக் கடல் கடந்து போகவேண்டுமா? ஆற்றங்கரையில் இருந்த வெள்ளைக் கட்டடத்தைத் தெரிந்தெடுத்து நானே போன் எடுத்தேன். அறைக்குள்ளால் யாராவது நடந்து போவார்களா என்று கேட்டேன். அந்தப் பக்கத்தில் இருந்த பெண் கொஞ்சம் திகைத்துவிட்டு, பழைய கட்டடம், பேயைத் தவிர வேறு யாரும் வரமாட்டார்கள் என்றாள். பேய் பரவாயில்லை என்று பதிவு செய்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். எதற்கும் நிச்சயப்படுத்திக்கொள்வோம் என்று எங்கள் பலசரக்குக் கடைக்கார அண்ணையிடம், "கோர்க் எண்ட இடத்தில எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டுவிட்டேன். ஹோட்டலின் பெயரையும் போகிற நாளையும் வேறு சொல்லித் தொலைத்தேன். "இல்லைப் போல கிடக்கு. விசாரிச்சுச் சொல்லுறன்" என்றார். அவர் விசாரித்தால் லண்டன் முழுக்க, நோர்பரியிலிருந்து வெம்பிளி வரைக்கும் விசாரணை நடக்கும்.

நடந்துதான் இருக்கிறது. ஹோட்டல் வாசலில் நாங்கள் டாக்ஸியை விட்டு இறங்கியபோது ஓர் இளம் தம்பதி காத்திருந்தார்கள். அந்த இளைஞர் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் டொக்டர். கடைக்காரருடைய மருமகனோடு படித்தவராம். எங்களை முன்பின் கண்டதில்லை. ஆனாலும் வணக்கம் சொன்ன கையோடு எங்கள் பெட்டியைத் தூக்கிவிட்டார்.

"அண்ணை, எங்கட வீடு இருக்க ஹோட்டலோ? அறையைக் கான்சல் பண்ணச் சொல்லிப்போட்டன். வாங்கோ."

என் கணவர் ஆட்டுக்குட்டி போல அவருக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தம்பி, பெட்டியை வையுங்கோ" என்றேன். "சாப்பிட வாறம், சந்தோசமா வாறம். படுக்கிறது இஞ்சதான். எங்கட வீட்டில எனக்கும் இவருக்கும் ஒரு அறை இல்லை. அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தனாங்கள்."

இதையெல்லாம் ஒரு பொம்பிளை வாய்விட்டுச் சொல்வாளா? என் கணவரின் காது சிவந்துவிட்டது. டொக்டர் பெட்டியை மெதுவாக வைத்தார். அவருடைய மனைவிதான் வாயைத் திறந்தாள்.

"எங்கட வீட்டில மூண்டு அறை சும்மா கிடக்குது அக்கா. இவருக்கு எந்த நேரமும் டியூட்டி. நான் ஒவ்வொரு அறையாப் போய்ப் படுத்துப் பாக்கிறன், நித்திரை வரேல்ல. நீங்கள் வாறியள் எண்டு எல்லாக் கட்டிலுக்கும் புது விரிப்புப் போட்டிருக்கிறன்."

அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் நான் சொன்ன சொல்லை மாற்றவில்லை. டொக்டரே உள்ளே போய்ச் சொல்லி அறையைத் திரும்ப எடுத்துத் தந்தார். அவர்கள் வீட்டில் இடியப்பமும் சொதியும் வயிறு நிறையச் சாப்பிட்டோம். அவள் கதைத்தாள், கதைத்தாள், தமிழைக் கண்டு எத்தனை நாளோ என்பது போலக் கதைத்தாள். எழும்பும்போது நான் அவள் கையைப் பிடித்து, "தங்கச்சி, லண்டனுக்கு வாரும். வந்து விரும்பின மட்டும் நில்லும்" என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்.

ஹோட்டல் அறைக்குத் திரும்பியதும் என் கணவர் கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்தார். பிறகு, எத்தனையோ காலத்துக்குப் பிறகு, வாய்விட்டுச் சிரித்தார்.

"அந்தப் பிள்ளையை வரச் சொல்லிப்போட்டீர். எங்க படுக்க விடப்போறீர்?"

"எங்கட மெத்தையில."

"அப்ப நாங்கள்?"

"நாங்கள் இன்னொரு ஹோட்டல் பாப்பம்" என்றேன்.