டோருன் வெட்டிய ஓரம்

பழைய சதுர வீடியோப் படத்தை அகலத் திரைக்கு மாற்றித் தருவதில் ஓலெசுன் ஊரில் டோருனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மற்ற கடைக்காரர்கள் படத்தை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துவிடுவார்கள். கல்யாணப் பெண் பூசணிக்காய் மாதிரி உப்பிப்போவாள். டோருனுக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். அவள் படத்தை உருவம் மாறாமல் பெரிதாக்கி, மேலும் கீழும் மிஞ்சுவதை வெட்டுவாள். காட்சிக்குக் காட்சி நிறுத்தி, யார் தலையும் போகாதபடி சட்டத்தை நகர்த்துவாள்.

தன் வீட்டு நாடாவைத்தான் அவசரத்தில் செய்தாள். புது டிவி வாங்கிய கிறிஸ்துமஸ் சமயம், கடையில் வேலை தலைக்கு மேல். நடுவை வைத்துக்கொள் என்று கணினியிடம் விட்டுவிட்டு, நாடாவையும் குப்பையில் போட்டாள். அதில் நான்கு வயது மகன் சின்ட்ரே, மே பதினேழு தேசிய தின ஊர்வலத்தன்று அப்பா ஸ்டைனாரின் தோள்மேல் உட்கார்ந்திருந்தான். வெட்டிய படத்தில் அப்பாவின் முகம் நட்டநடுவே இருந்தது. பிள்ளைக்குப் பூட்ஸ் காலும், அப்பாவின் நெற்றியைப் பிடித்த கைகளும் மட்டும். பதினெட்டு வயதாகியிருந்த சின்ட்ரே அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். பாவி, அவளும் சேர்ந்து சிரித்தாள்.

பதினோரு வருஷம் கழித்து மீன்பிடிப் படகு கவிழ்ந்து சின்ட்ரே போய்விட்டான். சின்ன வயதில் அவனை எடுத்த வீடியோ அது ஒன்றுதான்; கேமராவே இரவல். அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் எல்லோரும் காப்பி குடிக்கும்போது அதைப் போட வேண்டும் என்றான் ஸ்டைனார். தலை இல்லாததை அவன் மறந்தே போயிருந்தான். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, டோருன் சமையலறையில் சொன்னாள்.

"அதுல அவன் முகம் இல்ல, ஸ்டைனார். நான்தான் வெட்டிட்டேன். ஊர்ல இருக்கறவங்க படத்தையெல்லாம் உட்கார்ந்து பார்த்தேன். என் புள்ள படத்தைப் பார்க்கல."

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"அப்ப அவன் மாடியில தூங்கிட்டிருந்தான். வீட்டுலயே இருக்கறவனோட படத்தை யாரு உட்கார்ந்து பார்ப்பா? குரல் இருக்குல்ல, அதைப் போடு."

கூடத்தில் திரையை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் போட்டாள். பேண்டு வாத்தியம் தூரமாகப் போயிற்று. பிறகு சின்ட்ரேயின் கீச்சுக்குரல், "ஹிப் ஹிப்" என்று கூவியது. மே பதினேழில் ஒரு குழந்தை அப்படிக் கூவினால் சுற்றியிருப்பவர்கள் பதிலுக்கு "ஹுர்ரா" சொல்வார்கள். ஆனால் அன்று கூட்டம் தாண்டிப் போயிருந்தது. கேமரா பிடித்திருந்த டோருனும் சொல்லவில்லை. பிள்ளை காத்திருந்துவிட்டு மறுபடி கூவினான்.

கூடத்தில் யாரும் கோப்பையைத் தொடவில்லை. டோருன்தான் எழுந்து நின்று, "ஹுர்ரா" என்றாள்.